பெருக்குகிறவன் வரவில்லை

ஆசாரி வந்து சேர்வதற்குள் சொல்லிவிட வேண்டும். வந்து உட்கார்ந்ததிலிருந்து ரங்கநாயகி இதைப் பத்துத் தடவையாவது தனக்குள் சொல்லிக்கொண்டாயிற்று. வாய் தயார், கால்தான் எழுந்திருக்க மாட்டேன் என்று அடம் பிடிக்கிறது. அப்படியென்ன பெரிய சொற்பொழிவு? துளசிமணியைப் பந்தலுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய், உன் வீட்டுக்காரனின் அக்கா உனக்கு ஒன்றும் செய்யவில்லை, அன்றைக்கு நீ மையில் பார்த்தது பொய், தப்பு என்னுடையது, அவளைக் கூப்பிடு. இவ்வளவுதான். பால்காரனிடம் நாளைக்குப் பால் வேண்டாம் என்று சொல்கிறவள்கூட இதைவிட நீளமாகப் பேசுவாள். கன்னிமார் கோயில் வாசலில் பந்தல், பின்னால் மூன்று கல் அடுப்பில் கெடாய்க் கறி, பத்து மணி வெயில் ஷாமியானாவின் மஞ்சள் பட்டை வழியாக இறங்கி வந்தவர் போனவர் முகத்திலெல்லாம் காமாலை பூசுகிறது. காது குத்திக்கொள்ளப் போகிற துளசிமணியின் பையனுக்கு இரண்டரை வயது, பெயர் கவின், மொட்டையும் சந்தனமுமாகத் தாய்மாமன் தோளில் ஏறிக்கொண்டு, இன்னும் சற்று நேரத்தில் தனக்கு என்ன நடக்கப்போகிறது என்று தெரியாமல் எல்லாருக்கும் டாட்டா காட்டுகிறான். ஆசாரி காங்கேயத்தில் இன்னொரு காதுகுத்தை முடித்துவிட்டு பைக்கில் கிளம்பிவிட்டானாம், அரை மணி நேரம் என்றானாம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் நிழற்குடை. அதில் பெஞ்சு இருந்தும் உட்காராமல், கையில் ஒரு கட்டைப்பையோடு அந்த அக்காக்காரி, சம்பூரணம், நிற்கிறாள். அவளைப் பார்க்கக் கூடாதென்று இந்தப் பக்கம் திரும்பினால் அடுப்புப் புகை கண்ணில் ஏறுகிறது, அந்தப் பக்கம் திரும்பினால் அவள். "ஏனுங்கக்கா, ஓரமா தனியா உக்காந்துட்டீங்க, மோராச்சும் குடிங்க" என்று துளசிமணி டம்ளரைக் கையில் திணித்துவிட்டு, பட்டுச்சேலை சரசரக்க யாரையோ வரவேற்க ஓடுகிறாள். அந்தக் கணத்தில் சொல்லியிருக்கலாம். மோர் டம்ளரை வாங்கிய கை, சேலை முந்தானையைப் பிடித்து இழுத்திருக்கலாம். போய்விட்டாள்.

அந்தப் பட்டுச்சேலையும் அந்த ஓட்டமும் அந்தப் பையனும்கூட ரங்கநாயகியின் தயவு என்றுதான் துளசிமணி ஊரெல்லாம் சொல்கிறாள். திருப்பூரில் பனியன் கம்பெனி லைன் வீடுகளில் ரங்கநாயகியைத் தெரியாதவர்கள் குறைவு. வெற்றிலையில் மை தடவிப் பார்ப்பாள், யாரோ வைத்த செய்வினையை எடுப்பாள், எதையும் வைக்க மாட்டாள், யார் வைத்தது என்று மட்டும் தலைகீழாக நின்றாலும் சொல்ல மாட்டாள். மற்றவர்கள் பட்டென்று பேர் சொல்லிவிடுவார்கள், உனக்கு மேற்கே இருக்கிறவள், கறுப்பி, நெற்றியில் தழும்பு என்று. அதைக் கேட்டு வந்தவர்கள் வீட்டுக்குப் போனதும் அண்ணன் தம்பி வெட்டிக்கொள்வார்கள். ரங்கநாயகி அப்படியில்லை. எடுப்பது என் வேலை, பேர் சொல்வது என் வேலையில்லை என்று அவள் சொல்லும்போது அவளுக்கே தன் குரல் இனிக்கும். இனித்தது, அதுதான் வினை. இரண்டு கர்ப்பம் கலைந்து, மூன்றாவதாகப் பிறந்ததும் மாதத்தில் பாதி நாள் காய்ச்சலில் கிடக்க, துளசிமணி கண்ணெல்லாம் குழி விழுந்து வந்து உட்கார்ந்தாள். எடுத்துவிட்டாயிற்று, எலுமிச்சை அறுத்தாயிற்று, தாயத்துக் கட்டியாயிற்று, பையனுக்குக் காய்ச்சலும் இறங்கிவிட்டது, டாக்டர் மருந்தை மாற்றிய அதே வாரம்தான் என்பது வேறு விஷயம். அவள் விடவில்லை. "யாருன்னு மட்டும் சொல்லுங்கக்கா, ஒரே ஒரு பேரு, நான் யாருகிட்டயும் வாயத் தெறக்க மாட்டேன்." மூன்று செவ்வாய்க்கிழமை வந்து அழுதாள். மூன்றாவது செவ்வாய், பிற்பகல், கரண்ட் போய் வந்து போய் வந்து, ரங்கநாயகிக்குத் தலைவலி. பேர் சொல்லமாட்டேன் என்ற வைராக்கியமும் கெடக்கூடாது, இந்த அழுகையும் நிற்க வேண்டும். வெற்றிலையை அவள் கையிலேயே கொடுத்துவிட்டாள். நீயே பார், நான் கேட்க மாட்டேன், நீயும் சொல்ல வேண்டாம். எவ்வளவு சாமர்த்தியம்! நோவு உள்ளவள் மை பார்க்கக் கூடாது, வீட்டோடு சம்பந்தமே இல்லாத கண்தான் பார்க்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் அ ஆ மாதிரி. அதைவிடப் பெரியது இன்னொன்று. மை திறக்கும்போது முதலில் ஒருவன் வந்து பெருக்குவான், அடுத்தவன் தண்ணீர் தெளிப்பான், மூன்றாமவன் பலகை போடுவான், அதற்கப்புறம்தான் வர வேண்டியது வரும். பெருக்காத இடத்தில் வந்து நிற்பது எதுவானாலும் பொய், இலையைப் பிடுங்கித் தண்ணீரில் போட்டுவிட வேண்டும். "பெருக்கறவன் வந்தானா?" என்று ரங்கநாயகி கேட்டாள். கேட்கத்தான் கேட்டாள். "இல்லீங்க்கா, ஒரு பொம்பளதான் தெரியறா, நேராப் பாக்கறா, அழுதாப்பல இருக்குது." பிடுங்கியிருக்க வேண்டும். இதோ இந்தக் கைதான். அன்றைக்கு அந்தக் கை நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அழுகிற மூஞ்சியோடு குனிந்து, எண்ணெய் மினுக்குகிற கறுப்பில் உற்றுப் பார்த்தால் அழுகிற மூஞ்சிதான் தெரியும், இதற்குக் கன்னிமார் இறங்கி வர வேண்டியதில்லை. துளசிமணி நிமிர்ந்தபோது அழுகை நின்றிருந்தது. பேர் சொல்லவில்லை. ஒப்பந்தப்படி ரங்கநாயகியும் கேட்கவில்லை. அப்பாடா என்றிருந்தது, வாக்கும் கெடவில்லை, தலைவலிக்கு ஒரு டீ வைத்துக் குடித்தாள்.

அந்த டீ இறங்குவதற்குள் அங்கே துளசிமணி வீட்டில் சம்பூரணத்தின் பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது என்பது எட்டு மாதம் கழித்துத்தான் அவளுக்குத் தெரிந்தது. எட்டு மாதம்! நடுவில் எத்தனை பேருக்கு எடுத்துவிட்டாள், எத்தனை பேரிடம் பேர் சொல்லாத பெருமையைப் பேசினாள். போன புதன்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரம், வாசலில் ஒரு பெண், நாற்பது நாற்பத்திரண்டு இருக்கும், செருப்பை ஒழுங்காக ஜோடி சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டு நின்றாள். வந்தவள் சண்டைக்கு வந்திருந்தால் ரங்கநாயகி பிழைத்திருப்பாள். சண்டைக்கு வருகிறவர்களை எப்படி அனுப்புவது என்று அவளுக்குத் தெரியும். இவள் நன்றாக இருக்கிறீர்களா என்று விசாரித்தாள். புருஷன் செத்து, பிள்ளையில்லாமல் தம்பி நாச்சிமுத்துவின் வீட்டுப் பின்கட்டில் ஒண்டியிருந்தவள். துளசிமணி தையல் ஷிப்டுக்குப் போனால் பையனுக்குச் சோறு ஊட்டியது, கால் கழுவியது, காய்ச்சலில் தோளில் போட்டுக்கொண்டு வீதியில் நடந்தது எல்லாம் இவள்தான். அத்தை என்ற ஒரு சொல்லைத்தான் பையன் முதலில் பேசினானாம். அதுவே குற்றமாகிவிட்டது, பெற்றவளை விட்டு இவளைக் கூப்பிட வைத்தாளே என்று. செய்வினை புதைத்திருக்கிறதா என்று மல்லிகைச் செடிக்கு அடியில் தோண்டினார்களாம், ஒரு பழைய பித்தளைக் குங்குமச்சிமிழ் கிடைத்ததாம், அவ்வளவு போதுமே. "எந்த வீட்டு மண்ணத் தோண்டுனாலும் ஏதாச்சும் கெடைக்குங்கக்கா" என்றாள் சம்பூரணம், கோபமில்லாமல், கணக்கு வாத்தியார் மாதிரி. ஒரு மில் ஹாஸ்டலில் சேர்ந்தாள். மூன்று மாதம். எப்படித்தான் சேதி போகுமோ, அவள் ஊற்றிய சாம்பாரை ஒருத்தியும் தொடவில்லை, ஒருத்தி தன் பாயைச் சுருட்டிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டாள், வார்டன் அம்மா மிகவும் மரியாதையாக வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். இப்போது ஒரு குடோன் மாடியில் இருக்கிறாள். இதையெல்லாம் யாருக்கோ நடந்தது போலச் சொல்லிவிட்டு, கடைசியில்தான் கேட்க வந்ததைக் கேட்டாள். "எனக்கு அந்த ஊடெல்லாம் வேண்டாங்கக்கா. காதுகுத்து அன்னிக்கு உள்ள வந்து நிக்கோணும். பையன் அழுவான்ல, எங்க வகையில அத்தக்காரிதான் வாயில சக்கரை போடோணும். அது ஒண்ணு போதும். நீங்க சொன்னா துளசி கேப்பா. அவ உங்களத்தான் நம்பறா." அப்போது ரங்கநாயகியின் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். சொரசொரப்பான கை, ஊசி குத்திய விரல். ரங்கநாயகிக்கு அந்த நிமிஷம் வந்த ஆத்திரம் யார் மேல் என்று இன்றைக்கு வரை விளங்கவில்லை. துளசி மேலா, இவள் மேலா, எட்டு மாதமாகப் பெருமை பேசிய தன் நாக்கின் மேலா. நான் பேர் சொல்லவில்லையே அம்மா என்று வாய் வரை வந்தது. சொல்லாமல் விழுங்கினாள், அது ஒன்றுதான் அன்றைக்கு அவள் செய்த நல்ல காரியம்.

மோர் அடியில் தங்கி மேலே தண்ணீர் தெளிகிறது. குடிக்கத் தோன்றவில்லை. ரோட்டில் ஒரு பைக், ஆசாரியா, இல்லை, ஐஸ் விற்கிறவன். பையன் ஐஸ் என்று கை நீட்ட, ஷாமியானாவே சிரிக்கிறது. எதற்கோ இப்போது அந்தக் காலேஜ் பெண் ஹர்ஷினியின் ஞாபகம். இரண்டு மாதத்துக்கு முன்னால் கோயமுத்தூரிலிருந்து ஸ்கூட்டியில் வந்தாள், கழுத்தில் ஒரு ஊதாக் கல், போனில் பிறை வளர்வதும் தேய்வதும் காட்டுகிற ஏதோ ஒன்று, சீட்டுப் போட்டுப் பலன் சொல்ல ஆன்லைனில் கிளாஸ் படித்திருக்கிறாளாம், வெற்றிலை மை கற்றுக்கொள்ள ஆசையாம். "நாங்களும் சூனியக்காரிங்கதான் ஆன்ட்டி" என்று சிரித்தாள். அந்தச் சொல்லுக்காக மயிரை அறுத்து, வீதியில் இழுத்து, வாயில் கண்டதைத் திணித்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவள் ரங்கநாயகி. இந்தக் குட்டி அதைப் பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது, அதற்கு ஆயிரம் பேர் லைக் போடுகிறார்களாம். எவளோ ஒருத்தி நான் சூனியக்காரி என்று தானே சொல்லிக்கொண்டால் அழகு, சொல்லாதவளைச் சொன்னால் சோறு இறங்காது. சரி, பிள்ளை நல்ல பிள்ளை, கேட்ட கேள்விதான் முள். மை தடவுவதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டாள், "ஆன்ட்டி, இதுல யாரப் பாக்கறீங்களோ அவங்ககிட்ட சம்மதம் வாங்குவீங்களா?" ரங்கநாயகிக்கு முதலில் புரியவே இல்லை. திருடன் சம்மதித்தா போலீஸ் பிடிக்கும் என்று ஏதோ சொன்னாள். "திருடன்னு பாக்கறதுக்கு முன்னாடியே தெரியுமா ஆன்ட்டி? எங்க குரூப்ல அது ஒரு ரூல். அவங்களுக்குத் தெரியாம அவங்களப் பத்திப் பாக்கக் கூடாது. இன்னொண்ணு, நாம எது செஞ்சாலும் மூணு மடங்கா நமக்கே திரும்பும்." ஊதாக் கல்லை உருட்டிக்கொண்டே சொன்னாள். சின்னப்பிள்ளை விளையாட்டு என்று அன்றைக்கு மனதுக்குள் சிரித்துக்கொண்டாள் ரங்கநாயகி. இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று மடங்கு வேண்டாம், ஒரு மடங்காவது திரும்பியதா? அவளுக்குச் சளிகூடப் பிடிக்கவில்லை. ஆடி மாதம் கூட்டம் எப்போதையும்விட அதிகம். திரும்ப வேண்டியது முழுசும், ஒரு துளி சிந்தாமல், வழி கேட்டு விசாரித்து, குடோன் மாடி ஏறி சம்பூரணத்திடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்தப் பெண்ணின் ரூல் புத்தகத்தில் இதற்கு என்ன போட்டிருக்கிறது என்று கேட்க வேண்டும். கேட்டால் எனர்ஜி என்பாள்.

சொன்னால் என்ன ஆகும்? இதையும் பார்க்காமல் உட்கார்ந்திருக்க முடியாது. துளசிமணி ஊருக்குச் சொல்வாள், மை பொய்யாம், ரங்கநாயகியே ஒப்புக்கொண்டாளாம் என்று. அடுத்த செவ்வாய் வாசலில் செருப்பு இருக்காது. ஐம்பத்தோரு வயதில் திரும்பப் பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டப் போக வேண்டும், கண் வேறு மங்கல். அது போகட்டும், பிசிறு வெட்டிச் சாப்பிட்டவள்தானே. அதுவல்ல பயம். பயம் வேறு இடத்தில் இருக்கிறது, அதை நினைத்தாலே புத்தி வழுக்கிக்கொண்டு கறி வாசனைக்குப் போய்விடுகிறது, மல்லி கொஞ்சம் தூக்கல், சமையல்காரன் புதுசு போலிருக்கிறது. திரும்ப இழுத்து வந்து நிறுத்தினால் இதுதான்: துளசிக்குப் பெருக்குகிறவன் வரவில்லை என்று சொல்கிறாயே, உனக்கு என்றைக்காவது வந்திருக்கிறானா? இருபத்திரண்டு வருஷமாக இலையை உற்றுப் பார்க்கிறாயே ரங்கநாயகி, விளக்கு வெளிச்சமும் உன் மூக்கு நிழலும் தவிர ஏதாவது? ஒருமுறை வந்தது என்று வைத்துக்கொண்டிருக்கிறாள். புருஷன் செத்த வருஷம், ஒரு துடைப்பம் அசைந்த மாதிரி. அந்த ஒரு அசைவை நம்பித்தான் கடை நடக்கிறது. ஆனால் வந்தவர்கள் தோள் இறங்கிப் போனது பொய்யா? தூக்கமில்லாமல் வந்தவள் மறுவாரம் தூங்கினேன் அக்கா என்று சொன்னது பொய்யா? அவர்கள் பயத்தை எடுத்தேன், அதற்கு இலை ஒரு சாக்கு, அதிலென்ன பாவம் என்று இத்தனை நாளும் தன்னையே தாஜா செய்துகொண்டிருந்தாள். எடுத்த பயத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டினாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க ஒருத்தி வந்தாள், அவளும் கேட்காமல் நலம் விசாரித்துவிட்டுப் போய்விட்டாள். தூ. நாச்சிமுத்து மறுபடியும் ரோட்டைப் பார்க்கிறான், இது நாலாவது தடவை. வாழைக்கட்டு வந்ததா என்று பார்க்கிறவன் மாதிரி நடிக்கிறான், வாழை காலையிலேயே வந்தாயிற்று. கூடப் பிறந்தவள் வெயிலில் நிற்பது அவனுக்குக் குத்துகிறது, பெண்டாட்டி ஒரு வார்த்தை சரி என்றால் அவனே ஓடிப்போய் அழைத்து வருவான். அந்த ஒரு வார்த்தை இங்கே, இந்த நாற்காலியில், மோர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

பைக் சத்தம், "ஆசாரி வந்துட்டாப்டி" என்று நாலு குரல் ஒட்டுக்கா எழ, தாய்மாமன் ஜமுக்காளத்தில் சம்மணம் போட, பையன் ஏதோ சரியில்லை என்று கண்டுபிடித்து முகத்தைச் சுளிக்கிறான். எழுந்துவிட்டாள். எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது, டம்ளர் நாற்காலிக்கடியில் உருண்டது, துளசிமணியின் மணிக்கட்டு கையில் இருந்தது, பந்தலுக்குப் பின்னால் அண்டா அடுக்கிய இடத்துக்கு வந்தாயிற்று. "என்னங்கக்கா, குத்தி முடிச்சிட்டு வாரனே" என்றாள் துளசிமணி. "குத்தறதுக்கு முன்னாடிதான் சொல்லோணும்" என்று ஆரம்பித்தவள், நிறுத்தாமல் சொன்னாள். "சம்பூரணம் உனக்கு ஒண்ணும் பண்ணுல. அன்னிக்கு நீ மையில பாத்தது பொய். நோவு இருக்கறவ பாக்கவே கூடாது, நான் குடுத்திருக்கக் கூடாது. பெருக்கறவன் வருலீன்னு நீ சொன்னப்பவே எலையைப் புடுங்கியிருக்கோணும், புடுங்குல. தப்பு என்ரது துளசி. அவ ரோட்டுல நிக்கறா, கூப்புடு." சொல்லிவிட்டாள். அவ்வளவுதானா என்றிருந்தது. துளசிமணி கத்துவாள் என்று எதிர்பார்த்திருந்தாள், அவள் கத்தவில்லை. ரங்கநாயகியின் கண்ணையே பார்த்தாள், ஒரு கண்ணை விட்டு மறு கண். பிறகு மிகவும் தணிந்த குரலில், "அக்கா, அவ உங்க ஊட்டுக்கு வந்தாளா?" என்றாள். "வந்தா. புதங்கெழமை." "உள்ள வந்து உக்காந்தாளா?" "உக்காந்தா. அதுக்கென்ன இப்ப?" "உங்களத் தொட்டாளா?" பொய் சொல்லியிருக்கலாம். உண்மை பேசும் வேகத்தில் இருந்தவளுக்கு அது தோன்றவில்லை. "கையப் புடிச்சுட்டு அழுதாப்பல நின்னா" என்றாள். துளசிமணி கண்ணை மூடிக்கொண்டாள். "அதானே பாத்தேன். வந்ததுலருந்து பித்துப் புடிச்சாப்பல உக்காந்திருக்கீங்க. உங்களையே கட்டிப்போட்டுட்டாளே அக்கா." ரங்கநாயகி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அடி பைத்தியமே, சுயபுத்தியோடதான் சொல்றேன். மையில யாருக்கும் ஒண்ணும் தெரியாது. எனக்கே தெரியாது. அது வெளக்கெண்ணெயும் கரியும். உன்ர மூஞ்சியத்தான் நீ பாத்தே" என்று, இருபத்திரண்டு வருஷமாகத் தனக்கே சொல்லிக்கொள்ளாததை அண்டாக்களுக்கு நடுவில் நின்று கத்தினாள். துளசிமணிக்கு இப்போதுதான் அழுகை வந்தது. "பாருங்க, உங்க தொழிலையே உங்க வாயாலயே பொய்யின்னு பேச வெக்கறாளே. எத்தனை சக்தி இருந்தா..." என்று சொல்லிக்கொண்டே புருஷனைக் கூப்பிட்டாள். நாச்சிமுத்து வந்தான், கேட்டான். நாலு தடவை ரோட்டைப் பார்த்த அந்த முகத்தில், திறந்திருந்த ஏதோ ஒன்று மூடிக்கொள்வதை ரங்கநாயகி கண்ணால் பார்த்தாள். அவன் பங்காளிகள் இரண்டு பேரைச் சைகை காட்டி அழைத்து, "சத்தம் போடாம சொல்லி பஸ் ஏத்தி உடுங்க. இனி இந்தப் பக்கமே தலை வெச்சுப் படுக்கக் கூடாதுன்னு சொல்லுங்க" என்றான். துளசிமணி ரங்கநாயகியைத் தோளோடு அணைத்துக்கொண்டு போய் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தாள். "பயப்படாதீங்கக்கா, நானிருக்கறேன். எனக்கு நீங்க பண்ணுனீங்க, உங்களுக்கு நான் எடுத்து உடறேன்" என்று உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்து, பையனுக்குக் காப்பாக ரங்கநாயகியே சொல்லிக் கொடுத்திருந்த வார்த்தைகளை, ஒரு எழுத்துப் பிசகாமல் முணுமுணுக்கத் தொடங்கினாள். கை ஒன்றும் கனமில்லை. எழுந்திருக்க நினைத்திருந்தால் எழுந்திருக்கலாம், ஓடிப்போய் ரோட்டில் நின்று கத்தலாம். அதற்குப் பதிலாக, தொழில் போகவில்லை, இனிமேல்தான் இன்னும் கூடும் என்று ஒரு நினைப்பு வந்தது. அது வந்ததையும், வந்தவுடன் தன் தோள் இறங்கியதையும் அவள் தெரிந்துகொண்டாள். ஜமுக்காளத்தில் பையன் வீரிட்டான், அத்தே அத்தே என்றுதான் வீரிட்டான், யாரோ ஒரு பெரியம்மா அவன் வாயில் சர்க்கரையை அப்பினாள். அந்தப் பக்கம் நிழற்குடையிலிருந்து சம்பூரணம் ஓரடி முன்னால் வந்துவிட்டாள். பந்தலிலிருந்து இரண்டு ஆண்கள் தன்னைப் பார்த்து வருவதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அழைக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்தாள் போலிருக்கிறது, முகமெல்லாம் சிரிப்பு. முந்தானையால் நெற்றியை ஒற்றிக்கொண்டு, கட்டைப்பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, இரண்டு பக்கமும் வண்டி வருகிறதா என்று நிதானமாகப் பார்த்துவிட்டு ரோட்டில் இறங்கினாள்.